குட்டி விமானத்தில் கார் இன்ஜின்: கெடுவது இன்ஜின் அல்ல

குட்டி விமானங்களுக்கென்றே செய்யும் ரோட்டாக்ஸ் 912 இன்ஜினின் விலையைக் கேட்டவர்கள் அடுத்துப் போய் நிற்கும் இடம், பழைய கார்களை உடைக்கும் யார்டுதான். 100 குதிரைச் சக்தி தரும் 912 யு.எல்.எஸ். புதிதாக வாங்கினால் 20,000 டாலருக்கு மேல் ஆகிறது. யார்டுக்குப் போனால் ஜியோ மெட்ரோ காரின் மூன்று சிலிண்டர் இன்ஜினைச் சில நூறு டாலருக்குக் கழற்றி எடுத்து வந்துவிடலாம். சுஸுகியின் ஜி10 இன்ஜின் அது. 993 சி.சி., பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், காரில் 5,700 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 5,700 சுற்றில், 55 குதிரைச் சக்தி. இந்த இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பலர் இந்த வேலையில் இறங்குகிறார்கள்.

நான் இறங்கியது பணத்துக்காக இல்லை, கை சும்மா இருக்கவில்லை என்பதற்காக. கோயம்புத்தூரில் ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் பிரித்துச் சேர்த்துப் பழகியவன். பிழைப்புக்காக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்த பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. பக்கத்து ஊரில், மாட்டுப் பண்ணையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வில் இருந்த பெரியவர் ஒருவர், வைக்கோல் போர் அடுக்கும் கொட்டகையில் ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருந்தார். இரும்புக் குழாய்ச் சட்டம், துணி போர்த்திய உடல், தலைக்கு மேலே இறக்கை, இரண்டு இருக்கை, வாலில் சின்னச் சக்கரம். ஓட்டுவது அவர், ஸ்பேனர் பிடிப்பது நான் என்று ஆயிற்று.

பேச்சுவழக்கில் எல்லாரும் இதை அல்ட்ராலைட் என்றுதான் சொல்கிறார்கள். சட்டப்படி அப்படி இல்லை. அமெரிக்காவில் 1982 முதல் இருக்கும் பகுதி 103 விதிப்படி அல்ட்ராலைட் என்றால் ஒரே ஆள், காலி எடை 254 பவுண்டுக்குள், அதாவது 115 கிலோ. எரிபொருள் 5 கேலன்தான். லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். அந்த எடைக்குள் முழுக் கார் இன்ஜின் எதுவும் அடங்காது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இன்ஜினைக் குறுக்கே பாதியாக வெட்டி இரண்டு சிலிண்டர் இன்ஜினாக்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கே எடையை கிராம் கிராமாக எண்ண வேண்டும். எங்களுடையது 'சொந்தமாகக் கட்டிய சோதனை விமானம்' என்ற வகையில் பதிவானது. அதில் என்ன இன்ஜின் வேண்டுமானாலும் வைக்கலாம். பாதிக்கு மேல் நீங்களே கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கார் இன்ஜினில் பறப்பது இந்தப் பக்கத்தில் புதிய விஷயமே அல்ல. பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் 1929-இலேயே ஃபோர்டு மாடல் ஏ கார் இன்ஜினை வைத்துப் பறந்துவிட்டார். அவருடைய ஏர் கேம்பர் விமானத்தை இன்றும் வரைபடம் பார்த்துக் கட்டுகிறார்கள். மாடல் ஏ இன்ஜின் 3.3 லிட்டர் கொள்ளளவில் 40 குதிரைச் சக்தியை 2,200 ஆர்.பி.எம்.மில் தந்தது. அந்த வேகம் ப்ரொப்பல்லருக்குச் சரியாக ஒத்துப் போனதால் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் முனையிலேயே பூட்ட முடிந்தது. பிறகு வந்த பீட்டில் இன்ஜினும் அப்படித்தான். காற்றில் குளிர்வது, இருபக்கமும் படுத்த நிலையில் நான்கு சிலிண்டர், 3,300 ஆர்.பி.எம். வாக்கில் 54 அங்குல ப்ரொப்பல்லரை நேரடியாகச் சுற்றும். ஜான் மொனெட்டின் சொனெராய் விமானமும், அதற்குப் பின் அவர் ஓஷ்கோஷில் தொடங்கிய சோனெக்ஸ் நிறுவனத்தின் 80 குதிரைச் சக்தி ஏரோவீ இன்ஜினும் இந்த வழியில் வந்தவைதான். பீட்டில் இன்ஜினில் ஒரே ஒரு இடத்தில் எனக்கு மனசு ஒப்பாது. காரில் ஃபேன் பெல்ட் புல்லியை மட்டும் தாங்கிய மெலிந்த கிராங்க் முனையில்தான் வழக்கமாக ப்ரொப்பல்லரைப் பூட்டுகிறார்கள். விமானம் திரும்பும்போது ப்ரொப்பல்லர் அந்த முனையை வளைக்கப் பார்க்கும். அதற்கென்று செய்த ஹப்பும் கூடுதல் பேரிங்கும் கிடைக்கின்றன. அங்கே காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

சுஸுகிக்கு வருவோம். இன்றைய கார் இன்ஜின்கள் சின்னதாக இருந்துகொண்டு வேகமாகச் சுற்றிச் சக்தி தருகின்றன. எங்கள் விமானம் மெதுவாகப் பறப்பது, அதற்குப் பெரிய ப்ரொப்பல்லர் வேண்டும், 68 அங்குலம். அதை 5,500 ஆர்.பி.எம்.மில் நேரடியாகச் சுற்றினால் நுனி நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமே 340 மீட்டர்தான். காது கிழியச் சத்தம் வரும், இழுவை வராது. அதனால் நடுவில் வேகத்தைக் குறைக்கும் ஒரு ரிடக்‌ஷன் வேண்டும். 2.2-க்கு 1 என்று குறைத்தால் ப்ரொப்பல்லர் 2,500-இல் சுற்றும், நுனி வேகம் 226 மீட்டருக்கு வந்துவிடும். கணக்கு இவ்வளவு சுலபம். ஆனால் இந்த வேலையின் முக்கால்வாசித் தலைவலி அந்த ரிடக்‌ஷனுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

மூன்று சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் 240 டிகிரி சுற்றுவதற்கு ஒருமுறை ஒரு சிலிண்டர் வெடிக்கும். வெடிக்கும்போது கிராங்க் முன்னால் பாயும், அடுத்த வெடிப்பு வரும்வரை வேகம் தளரும். மறுபக்கம் ப்ரொப்பல்லர் கனமானது, ஒரே வேகத்தில் போக விரும்புவது. இழுத்து இழுத்து விடும் மாட்டையும் நிதானமாக நடக்கும் மாட்டையும் ஒரே நுகத்தடியில் பூட்டினால் முறிவது நுகத்தடிதான். கியராக இருந்தால் பல்லோடு பல் மோதிக் கடகடவென்று கேட்கும். பெல்ட்டாக இருந்தால் கேட்காது. அதற்காக மோதவில்லை என்று அர்த்தமில்லை, பெல்ட்டின் பல் மெதுவாக அரைபட்டுக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட ஒரு ஆர்.பி.எம்.மில் இந்த முன்பின் ஆட்டம் ஒத்திசைந்து பெருகும். பெரும்பாலும் அது இன்ஜின் சும்மா மெதுவாக ஓடும் ஐடிலிங் வேகத்தின் பக்கத்தில் வரும்.

நாங்கள் பெல்ட்டைத்தான் தேர்ந்தெடுத்தோம். ப்ரொப்பல்லரின் இழுவிசை மேல் புல்லியின் பேரிங்கில் இறங்கிவிடும், இன்ஜின் கிராங்குக்குப் போகாது. சுழலும் திசையும் மாறாது. கியர் ஜோடி வைத்தால் திசை தலைகீழாகும், அதற்கேற்ற ப்ரொப்பல்லரை ஆர்டர் செய்ய வேண்டும். மேனுவல் கியர் காரின் கனமான ஃப்ளைவீலையே வைத்துக்கொண்டோம். எடையைக் குறைக்கலாமே என்று ஆட்டோமேட்டிக் காரின் மெல்லிய தகட்டைப் போடச் சொன்னவர்கள் உண்டு. அந்தச் சில கிலோ இருந்தால்தான் வெடிப்பின் அடி பெல்ட்டுக்குப் போகும் முன் கொஞ்சம் மழுங்கும். ப்ரொப்பல்லர் மரம், எடை குறைவு. ஐடிலிங்கை 1,800-க்குக் கீழே விடுவதில்லை. இறங்கும்போது அது கொஞ்சம் அதிகமாகத் தள்ளும், தரையைத் தொட்ட பிறகு பிரேக்கைத் தேட வேண்டியிருக்கும், பரவாயில்லை.

பெல்ட் கவரைக் கழற்றும்போது நான் முதலில் பார்ப்பது உள்பக்கத்தில் படிந்திருக்கும் கறுப்புத் தூளை. விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். மென்மையான மெல்லிய படலமாக இருந்தால் இயல்பான தேய்மானம். ஒரு ஓரத்தில் மட்டும் நார் நாராக விழுந்திருந்தால் இரண்டு புல்லியும் ஒரே தளத்தில் இல்லை. எஃகு ஸ்கேலை இரண்டு புல்லி முகத்திலும் சேர்த்து வைத்து, பின்னால் டார்ச் அடித்து, வெளிச்சம் கசியும் இடத்தில் ஷிம் எனும் மெல்லிய தகடு போட்டுச் சரிசெய்வோம். புல்லிகளைத் தாங்கும் அலுமினியத் தட்டு சூட்டில் விரியும், பெல்ட் இறுகும். ஆகவே குளிர்ந்திருக்கும்போது பார்த்த டென்ஷனை மட்டும் நம்பாமல், நன்றாக ஓட்டி நிறுத்திய கையோடு ஒருமுறை பார்க்க வேண்டும்.

இனி இன்ஜின் தாங்குமா என்ற கேள்வி. கார்க்காரர்கள் எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். சின்னக் கார் நெடுஞ்சாலையில் சீராக ஓட 15, 20 குதிரைச் சக்தி போதும். விமானத்தில் கிளம்பும்போது முழு த்ராட்டில், பறக்கும்போது முக்கால். உண்மைதான், வேலை அதிகம். ஆனாலும் கிராங்க், பிஸ்டன், ராட் இதையெல்லாம் இந்தச் சுஸுகி பொருட்படுத்தவே இல்லை. தேய்மானம் பார்த்து, புது ரிங், பேரிங், ஹெட் கேஸ்கெட் போட்டோம். எக்ஸாஸ்ட் வால்வு எரிவது இந்த இன்ஜினின் பழைய நோய் என்பதால் வால்வுகளையும் மாற்றினோம். அதன் பிறகு உள்பக்கம் எட்டிப் பார்க்கும் தேவையே வரவில்லை. தொல்லை கொடுத்தது எல்லாம் கார்க் கம்பெனி செய்யாத, நாங்களும் எங்களைப் போன்றவர்களும் செய்து மாட்டிய பொருள்கள்தான்.

கூலிங் அதில் ஒன்று. எரியும் பெட்ரோலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தியாகவும், ஒரு பங்கு புகையோடும், ஒரு பங்கு தண்ணீரோடும் போகிறது என்று வைத்துக்கொண்டால், 55 குதிரைச் சக்தி எடுக்கும்போது ரேடியேட்டர் 40 கிலோவாட் வெப்பத்தைத் தள்ள வேண்டும். அதுவும் விமானம் மெதுவாக மேலேறும் நேரத்தில், காற்று குறைவாக வரும்போது. வயிற்றுக்கு அடியில் ரேடியேட்டரைத் தொங்கவிட்டு, முன்னால் சின்ன வாயும் பின்னால் அகலமாகும் காற்றுப் பாதையும் (டக்ட்) தகட்டில் செய்தோம். சூடு ஏறினால் எல்லாரும் உள்ளே வரும் வாயைப் பெரிதாக்குவார்கள். வெளியேறும் வாயின் உதட்டைக் கொஞ்சம் கீழே வளைத்து அகலப்படுத்துங்கள், வெளிக்காற்று உள்ளிருப்பதை உறிஞ்சி இழுக்கும். டக்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால்கூடக் காற்று அந்தச் சுலப வழியில் போய்விடும். ரப்பர் பட்டையால் அடைத்த பிறகுதான் எங்களுக்கு விமானம் ஏறும்போது சூடு காட்டும் முள் ஏறாமல் நின்றது.

வால் சக்கர விமானத்தில் இன்னொரு சிக்கல். தரையில் மூக்கு மேலே பார்த்து நிற்கும், பறக்கும்போது மட்டமாகும். தரையில் உயரமாக இருந்த இடம் வானத்தில் உயரமாக இருக்காது. கூலன்ட் ஊற்றும் தொட்டி இரண்டு நிலையிலும் எல்லாவற்றையும்விட மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக் குமிழ் ஹெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தெர்மோஸ்டாட் தட்டில் சின்ன ஓட்டை போடுவதும் அதற்குத்தான். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கும் இதே யோசனை. மூக்கைத் தூக்கி ஏறும்போது ஆயில் பின்னால் ஓடி, உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கக் கூடாது. உள்ளே தடுப்புத் தகடு வைத்தோம்.

பெட்ரோல் விஷயத்தில் பெரியவர் சொன்னதுதான் கடைசியில் நடந்தது. "பம்ப் இல்லாவிட்டால் பம்ப் கெட்டுப் போகாது, தம்பி" என்று அவர் பாணியில் ஒரு சிரிப்போடு சொன்னார். இறக்கையில் இருக்கும் டேங்கிலிருந்து தானாக இறங்கும் பெட்ரோல், கார்பரேட்டர், அவ்வளவே. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கார் கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் ஃப்ளோட் ஊசியும் அது உட்காரும் ஓட்டையும் பம்ப் அழுத்தத்துக்கு அளந்து செய்தவை. மேலிருந்து இறங்கும் பெட்ரோலுக்கு ஒரு மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 பி.எஸ்.ஐ. அழுத்தம் கிடைக்கும். எங்கள் டேங்க் அவ்வளவு உயரத்தில்கூட இல்லை.

ஊகித்துக்கொண்டிருக்காமல் அளந்தோம். 55 குதிரைச் சக்தியில் இன்ஜின் மணிக்குச் சுமார் 17.4 லிட்டர் குடிக்கும். தானாக இறங்கும் அமைப்பில் அதைப்போல ஒன்றரை மடங்கு வர வேண்டும் என்பது அமெரிக்க விமான நிர்வாகத்தின் சோதனைக் கையேடு சொல்லும் அளவு. பம்ப் இருந்தால் ஒன்றேகால் மடங்கு. ஒன்றரை என்றால் நிமிடத்துக்கு 435 மில்லி. முன் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி, வாலை வாய்க்காலுக்குள் இறக்கி, விமானம் அதிகபட்சமாக ஏறும் கோணத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக மூக்கைத் தூக்கி நிறுத்தினோம். டேங்கில் கொஞ்சமே பெட்ரோல் விட்டோம், ஏனென்றால் நிறைந்த டேங்க் பொய் சொல்லும். ஃப்ளோட் சேம்பரின் அடி மூடியைக் கழற்றி, ஊசி முழுதாகத் திறந்த நிலையில் அளவு ஜாடியைப் பிடித்தேன். குழாயைக் கார்பரேட்டருக்கு முன்னால் கழற்றிப் பிடித்தபோது ஜாடி நிரம்பி வழிந்தது. ஊசி வழியாகப் பிடித்தபோது நிமிட முடிவில் 300-ஐத் தொடவில்லை. தரையில் ஓட்டிப் பார்க்கும்போது இது தெரிந்திருக்காது, ஃப்ளோட் சேம்பரில் இருக்கும் பெட்ரோலே கொஞ்ச நேரம் ஈடுகொடுக்கும். ஓடுதளத்தின் கடைசியில், மரங்களுக்கு மேலே ஏறும்போது தீர்ந்திருக்கும். பெரிய துளையுள்ள ஊசி செட் வாங்கிப் போட்டு மறுபடி அளந்த பிறகுதான் மூடியை மாட்டினோம். இந்தச் சோதனைக்குச் செலவு என்று பார்த்தால் ஒரு ஜாடிதான். இதைச் செய்யாமல் பறப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

கார்பரேட்டர் என்றாலே ஐஸ் பயமும் கூட வரும். வெளியே 20 டிகிரி இருந்தாலும் காற்றில் ஈரம் இருந்தால் த்ராட்டில் தகட்டில் பனி கட்டும். எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றித் தகடு போர்த்தி, அந்தச் சூடான காற்றை இழுக்க ஒரு கதவு வைத்தோம். எத்தனால் கலக்காத பெட்ரோலாகத் தேடித்தான் ஊற்றுகிறோம். ரப்பர் குழாய்களுக்கும் நல்லது, எத்தனால் சேர்த்து இழுக்கும் தண்ணீர்த் தொல்லையும் இல்லை.

கார் மெக்கானிக் கண்ணுக்குச் சட்டென்று படாத ஒன்று த்ராட்டில் ஸ்பிரிங். காரில் கேபிள் அறுந்தால் ஸ்பிரிங் த்ராட்டிலை மூடிவிடும், வண்டி ஓரமாக நின்றுவிடும், அதுதான் பாதுகாப்பு. வானத்தில் ஓரம் கிடையாது. கேபிள் அறுந்தால் த்ராட்டில் முழுதாகத் திறக்கும்படி ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்ட வேண்டும். முழு வேகத்தில் ஓடுதளத்துக்கு மேலே வந்து, இக்னிஷனை அணைத்து இறங்கிக்கொள்ளலாம். ரோட்டாக்ஸ் 912-இன் கார்பரேட்டர்களும் அப்படித்தான் இருக்கின்றன.

மின்சாரத்தில் முன்கூட்டியே கொஞ்சம் பிடிவாதம் பிடித்தேன். எலெக்ட்ரானிக் இக்னிஷன் பேட்டரி இல்லாமல் ஓடாது. ஆகவே இரண்டு பேட்டரி, நடுவில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு, தனித்தனி சுவிட்ச். இரண்டாவது பேட்டரி இக்னிஷனுக்கு மட்டுமே, ரேடியோவுக்கும் விளக்குக்கும் அதில் பங்கில்லை. பெரியவர் எடையைக் காட்டி முணுமுணுத்தார். இன்ஜெக்‌ஷனும் கம்ப்யூட்டரும் வைத்த புதுக் கார் இன்ஜின்களை எடுப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏதாவது சென்சார் கோளாறு என்றால் காரின் கம்ப்யூட்டர் இன்ஜினைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சக்தியைக் குறைத்துவிடும். அதை நொந்துகொள்ளவும் முடியாது, அது சாலைக்காக எழுதிய புரோகிராம்.

விமானத்துக்கென்று சான்று பெறாத இன்ஜின் என்பதால் முதல் 40 மணி நேரம் குறித்த எல்லைக்குள் சோதனையாக மட்டும் பறக்க வேண்டியிருந்தது, பயணி ஏறக் கூடாது. பெரியவர் அந்த 40 மணி நேரத்தையும் விளைந்த வயலுக்கும் புல்வெளிக்கும் மேலேயே ஓட்டித் தீர்த்தார். காட்டுக்கு மேலேயோ ஏரிக்கு மேலேயோ போகவே இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொந்தமாகக் கட்டிய விமானங்களைப் பற்றி 2012-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. இன்ஜின் சார்ந்த கோளாறும் காற்றில் கட்டுப்பாட்டை இழப்பதும்தான் விபத்துகளில் முன்னால் நிற்கின்றன, அதிலும் விமானத்தின் ஆரம்பப் பறத்தல்களில். அதைப் படித்த ஆள் அவர்.

அந்தச் சோதனைக் காலத்தில்தான் ஆல்டர்னேட்டர் பிராக்கெட் விரிசல் விட்டது. ரிடக்‌ஷன் செட்டோடு வந்த ரெடிமேட் பிராக்கெட். வெட்டிய ஓரத்தை ராவாமல் அப்படியே பெயின்ட் அடித்திருந்தார்கள். விரிசல் அந்தக் கூர்மையான மூலையிலிருந்துதான் தொடங்கியிருந்தது. ஆல்டர்னேட்டர் சாய்ந்து, வயர் அதன் நுனியில் இருக்கும் உலோகக் காதான லக் அருகே அறுந்து, வோல்ட் மீட்டர் இறங்கியது. பெரியவர் இரண்டாவது பேட்டரிக்கு மாற்றிவிட்டு அவசரமில்லாமல் வந்து இறங்கினார். கீழே வந்ததும், "உன் பாரமான பேட்டரிக்கு நன்றி" என்றார். அதன் பிறகு வாங்கிய பொருளோ செய்த பொருளோ, ஒவ்வொரு தகட்டின் ஓரத்தையும் அரம் போட்டு மழுக்கிவிட்டுத்தான் மாட்டுகிறோம். வயரை லக்கிலிருந்து நாலு விரல் தள்ளி கிளிப் போட்டுப் பிடிக்கிறோம். வயர் ஆடி ஆடி அறுவது எப்போதும் லக் ஓரத்தில்தான். ஹோஸ் ஒவ்வொன்றுக்கும் இரட்டை கிளிப், அலுமினியக் குழாய் முனையில் வளையம் போன்ற மேடு. ஸ்பிரிங் வாஷரை நம்புவதில்லை, முக்கியமான போல்ட்டுகளுக்குக் கழலாமல் பிடிக்கும் லாக் வயர்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின்தான் எல்லாவற்றிலும் மலிவு. ரிடக்‌ஷன், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், மவுன்ட், மீட்டர்கள், ப்ரொப்பல்லர் என்று சேர்ந்தபோது அதுபோலப் பல மடங்கு ஆகிவிட்டது. எடையும் அப்படித்தான். இன்ஜினை மட்டும் தராசில் வைத்துச் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர், ஆயில், ரேடியேட்டர், பேட்டரி எல்லாம் ஏற்றிய பிறகு மூக்கு கனத்தது. பேட்டரிகளை இருக்கைக்குப் பின்னால் நகர்த்தித்தான் எடைமையத்தை எல்லைக்குள் கொண்டுவந்தோம். விற்கப் போனாலும் ரோட்டாக்ஸ் விமானத்துக்குக் கிடைக்கும் விலை கிடைக்காது. பறக்க வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால், பழைய ரோட்டாக்ஸ் ஒன்றைத் தேடி வாங்குங்கள். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிரீஸ் கையோடு நிற்பது பிடிக்கும் என்றால் இது நல்ல வேலை.

ஊரிலிருந்து மச்சான் போன் போட்டால் இதைத்தான் கேட்கிறான். "நம்ம மாருதி 800 இன்ஜினை வெச்சுப் பறக்க முடியாதா மாமா?" 796 சி.சி., கார்பரேட்டர் காலத்தில் 37 குதிரைச் சக்தி, வார்ப்பிரும்பு பிளாக். அந்த எடைக்கு அந்தச் சக்தி போதாது. பழைய மாருதி ஜென் காரின் அலுமினிய இன்ஜின் என்றால் யோசிக்கலாம். ஆனால் இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் அனுமதி இல்லாமல் இப்படி ஒரு விமானத்தைத் தரையை விட்டுக் கிளப்ப முடியாது. கிளப்பினால் முதலில் வருவது போலீஸ்தான். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை என்றால் கனமான இரும்பு ஸ்டாண்டில் பூட்டி, நாலு காலையும் கான்கிரீட்டில் போல்ட் அடித்து, ரிடக்‌ஷனும் ப்ரொப்பல்லரும் மாட்டி முழு த்ராட்டிலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சுற்றிக் கம்பி வேலி போட வேண்டும். ப்ரொப்பல்லர் சுற்றும் தளத்துக்கு நேராக, பக்கவாட்டில் யாரும் நிற்கவே கூடாது. இப்போதைக்கு அவன் யார்டில் ஜென் இன்ஜின் தேடிக்கொண்டிருக்கிறான்.